அத்தாட்சிப் பத்திரமும் குளிர்ந்த வீடும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருவர் தமது வீட்டை விற்க விரும்பினாலும் சரி, வாடகைக்கு விட விரும்பினாலும் சரி, அவ்வீடு எவ்வளவு எரிசக்தியை விழுங்கும் என்பதைக் காட்டும் அத்தாட்சிப் பத்திரம் ஒன்றை அவர் பெற்றிருத்தல் வேண்டும் என்பது சட்டம். ‘ஏ’ முதல் ‘ஜி’ வரையுள்ள ஏழு எழுத்துக்களில் ஒன்று அவ்வீட்டிற்கு வழங்கப்படுகிறது. ‘ஏ’ என்பது தலைத்தரம். ‘ஜி’ என்பது கடைத்தரம். வீட்டு வாடகை விஷயத்தில் சிரத்தையுள்ள எவரும் இவ்வேற்பாட்டின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குதல் நலம். நல்ல நோக்கத்துடன் பிறந்த ஒரு சட்டம், அதைக் கையாளும் மந்திரிகளின் உறுதியின்மையால் எவ்வாறு வெறுங் காகிதமாகச் சுருங்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த உதாரணம் கிடைப்பது அரிது.

இவ்வேற்பாட்டிற்கு வித்திட்டது 2002-ஆம் ஆண்டில் ஐரோப்பிய யூனியன் பிறப்பித்த கட்டட எரிசக்தி உத்தரவு. அதனையொட்டி 2007 ஆகஸ்டில் பெரிய வீடுகளின் விற்பனைக்கு இப்பத்திரம் கட்டாயமாயிற்று. 2008 அக்டோபர் முதல் வாடகை வீடுகளுக்கும் விதிக்கப்பட்டது. தொடக்கத்தில் இது, வீடு விற்போர் தொகுத்தளிக்க வேண்டியிருந்த தஸ்தாவேஜுக் கட்டு ஒன்றின் பகுதியாக இருந்தது. 2010 மே மாதத்தில் புதிய கூட்டு மந்திரிசபை அக்கட்டினை நிறுத்திவைத்தது. பத்திரத்தை மட்டும் விட்டுவைத்தது. 2020-இல் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனைவிட்டு வெளியேறிய பின்னரும் பத்திரம் நிலைத்து நிற்கிறது. ஆகவே, இது ஒரு கட்சியின் விருப்புக்கோ, ஓர் ஒப்பந்தத்தின் ஆயுளுக்கோ உட்பட்டதன்று. அந்நாட்டு வீட்டுச் சட்டத்தின் அங்கமாகவே ஆகிவிட்டது.

பத்திரம் வழங்கும் முறை யாதெனில், பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் வீட்டிற்கு வருகிறார். சுவர் ஒற்றைச் சுவரா, இடைவெளி விட்டுக் கட்டிய இரட்டைச் சுவரா என்று பார்க்கிறார். கூரையடியில் வெப்பக் காப்பு இருக்கிறதா, ஜன்னல்களுக்கு ஒற்றைக் கண்ணாடியா இரட்டைக் கண்ணாடியா, வீட்டைச் சூடாக்குவது காஸ் பாய்லரா மின்சாரமா என்று குறித்துக்கொள்கிறார். இவற்றைக் கம்ப்யூட்டரில் இட்டால் ஓர் எண் வருகிறது. 92-உம் அதற்கு மேலும் வந்தால் ‘ஏ’. 69 முதல் 80 வரை ‘சி’. 39 முதல் 54 வரை ‘இ’. 20-க்கும் அதற்குக் கீழும் ‘ஜி’. ஒரு முறை பெற்ற பத்திரம் பத்து ஆண்டுகள் செல்லும். செய்யத்தக்க அபிவிருத்திகளின் பட்டியலும் அதில் இருக்கும்.

சொந்த வீட்டில் வாழ்பவருக்கு இப்பத்திரம் ஒரு யோசனை மட்டுமே. சுவருக்குக் காப்பிடச் செலவு செய்பவரும் அவரே; அதனால் எரிபொருள் செலவு குறையும்போது பயனடைபவரும் அவரே. வாடகை வீட்டின் நிலை அவ்வாறன்று. சுவர் வீட்டுக்காரருடையது, குளிர் குடியிருப்பவருடையது. காப்பிடும் செலவு ஒருவரைச் சார்கிறது. காஸ் பில் மற்றொருவரைச் சார்கிறது. வீட்டுக்காரருக்குச் செலவழிக்கும் நோக்கம் எழுவதில்லை. குடியிருப்பவருக்குச் செலவழிக்கும் அதிகாரமும் இல்லை, சக்தியும் இல்லை. இந்த முரண்பாடு எந்தக் கடைவீதிப் போட்டியாலும் தானாகத் தீர்ந்துவிடாது. வீடுகள் அருகி, வாடகைக்கு வருவோர் பெருகியிருக்கும் நகரங்களில், ‘எஃப்’ தரமுள்ள வீடு என்பதற்காக அதை வேண்டாமென்று சொல்லக்கூடிய வசதி ஏழைக்கு ஏது? ‘பத்திரத்தைக் காட்டிவிட்டோம், விரும்பினால் வரலாம்’ என்ற வாதம் சமபலமுள்ள இருவரிடையேதான் செல்லும். அங்கே தனியாரிடம் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று என்பதை நினைவில் கொண்டால் விஷயத்தின் கனம் விளங்கும்.

இதை உணர்ந்தே 2011-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் ஒரு படி மேலே சென்றது. அதன்கீழ் 2015-இல் செய்யப்பட்ட விதிகளின்படி, ‘எஃப்’, ‘ஜி’ தரமுள்ள வீடுகளை 2018 ஏப்ரல் 1 முதல் புதிதாக வாடகைக்கு விடலாகாது. 2020 ஏப்ரல் 1 முதல், முன்பே குடியிருப்போர் உள்ள அத்தகைய வீடுகளையும் அப்படியே தொடர்ந்து விடலாகாது. வாடகைக்கு விடுவதற்கு ‘இ’ என்பதே கடைசி எல்லை. மேலும், 2016 ஏப்ரல் முதல் குடியிருப்பவரே அபிவிருத்தி செய்ய அனுமதி கோரலாம் என்றும், வீட்டுக்காரர் தகுந்த காரணமின்றி மறுக்கலாகாது என்றும் ஒரு ஷரத்து சேர்க்கப்பட்டது. கொள்கையளவில் இது பெரிய மாறுதல். தகவல் கொடுத்தால் போதும் என்ற நிலையிலிருந்து, தகாத வீட்டை வாடகைக்கு விடுவதே குற்றம் என்ற நிலைக்குச் சட்டம் நகர்ந்தது.

ஆயினும், விதியின் உள்ளே புகுந்து பார்த்தால் அதன் உயிர்நாடி வேறோர் இடத்தில் இருந்தது தெரியும். வீட்டுக்காரர் தம் கையிலிருந்து எதுவும் போடாமல் செய்யக்கூடிய அபிவிருத்திகளை மட்டும் செய்தால் போதும் என்பதே முதலில் இருந்த ஏற்பாடு. பணம் எங்கிருந்து வரும் என்றால், 2013-இல் தொடங்கிய ‘கிரீன் டீல்’ என்ற கடன் திட்டத்திலிருந்து வரும். அக்கடன் மின்சார பில்லுடன் சேர்த்து அடைக்கப்படும். பில் கட்டுபவர் யார்? குடியிருப்பவரே. அவரது பெயரால் வாங்கப்படும் கடனைக் கொண்டு வீட்டுக்காரரின் சுவருக்குக் காப்பிடும் விசித்திரம் அது. அத்திட்டத்தை ஜனங்கள் ஏற்கவில்லை. 2015 ஜூலையில் சர்க்கார் அதற்குப் பணம் கொடுப்பதை நிறுத்தினர். பணம் நின்றவுடன் விதியும் செயலற்றுப் போயிற்று. பின்னரே, 2019 ஏப்ரல் முதல், வீட்டுக்காரர் வீடொன்றுக்கு 3,500 பவுன் வரை தம் பணத்தைச் செலவிட வேண்டும் என்று திருத்தினர். அத்தொகையைச் செலவிட்டும் ‘இ’ தரம் வராவிடில், விலக்குப் பதிவேட்டில் பெயரைப் பதிந்துகொண்டு ஐந்து ஆண்டுகள் நிம்மதியாக இருக்கலாம். காப்பிட்டால் வீட்டின் விலை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறையும் என்று காட்டினாலும் விலக்கு உண்டு. விதியை மீறுவோருக்கு அபராதம் வீடொன்றுக்கு மொத்தம் 5,000 பவுனுக்கு மேற்படாது என்று வைத்தனர். வாடகை மிகுந்த நகரங்களில் இது சில மாத வாடகைக்கு ஈடு, அவ்வளவே.

இனி, மந்திரிகளின் ஊசலாட்டத்தைப் பார்ப்போம். ‘இ’ போதாது, ‘சி’ தரம் வேண்டும் என்று 2020-இல் கன்ஸர்வேடிவ் சர்க்கார் யோசனை வெளியிட்டனர். புதிதாக விடப்படும் வீடுகளுக்கு 2025, எல்லா வாடகை வீடுகளுக்கும் 2028 என்று கெடு குறித்தனர். அதை நம்பிப் பல வீட்டுக்காரர்கள் சுவருக்கும் கூரைக்கும் பணம் போட்டனர். 2023 செப்டம்பரில் அதே கட்சியின் பிரதம மந்திரி ஸ்ரீ ரிஷி சுனக் அந்த யோசனையைக் கைவிடுவதாக அறிவித்தார். 2024 ஜூலைத் தேர்தலில் தொழிற்கட்சி பதவிக்கு வந்தது. 2024 செப்டம்பரில் எரிசக்தி மந்திரி ஸ்ரீ எட் மிலிபாண்ட் ‘சி’ தரத்தை 2030-க்குள் கொண்டுவரப் போவதாகக் கூறினார். 2025 பிப்ரவரியில் வெளியான யோசனையில் செலவின் வரம்பு 15,000 பவுன் என்று குறிக்கப்பட்டது.

இந்த ஊசலாட்டத்தால் யாருக்கு நஷ்டம்? சொன்ன சொல்லை நம்பி முன்கூட்டியே செலவு செய்த வீட்டுக்காரர் ஏமாந்தார். ‘பொறுத்திருப்போம், எப்படியும் மாறும்’ என்று கைகட்டியிருந்தவர் கெட்டிக்காரரானார். சட்டத்திற்குக் கீழ்ப்படிபவர் ஏளனத்திற்கு ஆளாவதும், சட்டத்தைத் தட்டிக் கழிப்பவர் லாபமடைவதுமான நிலையைவிட ஓர் அரசாங்கத்தின் கௌரவத்திற்குக் கேடு வேறில்லை. காப்பிடும் தொழிலில் ஆட்களைப் பழக்கி வைத்த சிறு முதலாளிகளின் கதியும் அதுவே. மந்திரியின் ஒரு பிரசங்கத்தால் தோன்றி மற்றொரு பிரசங்கத்தால் மறையும் தொழிலில் எவர் மூலதனம் போடுவார்? கெடு கடினமாயிருக்கலாம், இலகுவாயிருக்கலாம்; ஆனால் நிலையாயிருத்தல் வேண்டும்.

வீட்டுக்காரர்களின் கட்சியையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. இங்கிலாந்தின் வீடுகள் மிகப் பழையவை. 1919-க்கு முன் கட்டப்பட்டவை ஏராளம். வாடகை வீடுகளில் அவற்றின் விகிதம் இன்னும் அதிகம். அவை ஒற்றைச் செங்கற் சுவருடையவை. இடைவெளியில் பஞ்சு நிரப்பும் எளிய முறை அவற்றிற்குப் பொருந்தாது. உள்ளே காப்பிட்டால் அறை குறுகும். வெளியே காப்பிட்டால் செலவு பெருகும். வீட்டுக்காரர் எல்லோரும் கோடீசுவரரும் அல்லர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, ஒரே வீட்டின் வாடகையை நம்பி வாழ்பவரும் அவர்களில் உண்டு. லண்டனில் கென்ஸிங்டனில் உள்ள வீட்டிற்குப் பதினாயிரம் பவுன் தூசு; வட இங்கிலாந்தின் பழைய பஞ்சாலை ஊர்களில் உள்ள வீட்டிற்கோ அது பெருஞ் சுமை. இவ்வளவும் உண்மையே. இதற்குப் பரிகாரம் செலவின் வரம்பை வீட்டின் மதிப்பையும் வாடகையையும் ஒட்டி அமைப்பதும், குறைந்த வட்டிக் கடன் தருவதுமாகும். 2025 யோசனையில், வாடகை குறைந்த வீடுகளுக்கு வரம்பைத் தாழ்த்தும் எண்ணம் காணப்பட்டது நியாயமே. ஆனால், வீட்டுக்காரரின் கஷ்டத்தைக் காரணமாகக் காட்டிக் குடியிருப்பவர் குளிரில் நடுங்குவதை நிரந்தரமாக்குவது நியாயமாகாது. உளுத்த மீனை விற்பவர் ஏழை என்பதற்காக அதை வாங்கி உண்ண வேண்டும் என்று எந்த நீதிஸ்தலமும் தீர்ப்பளிப்பதில்லை.

இஃது இவ்வாறிருக்க, அளக்கும் கோலே நேரானதா என்ற கேள்வியும் எழுகிறது. பத்திரத்தின் முக்கிய எண், வீட்டைச் சூடாக்க ஆகும் பணச் செலவைக் கொண்டு கணிக்கப்பட்டு வந்தது. பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை ஒரு யூனிட் காஸின் விலையைப்போல் பல மடங்கு. ஆதலின், காஸ் பாய்லரை எடுத்துவிட்டு, புகை கக்காத ஹீட் பம்ப் வைத்தவருக்குத் தரம் உயராமற் போவதும், சில வேளை தாழ்வதும் உண்டு. புகையைக் குறைக்க வேண்டும் என்று சர்க்கார் ஒரு கையால் மானியம் தருகிறார்கள். மற்றொரு கையால் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள்! மேலும், மதிப்பீட்டாளரை அமர்த்திக் கூலி கொடுப்பவர் வீட்டுக்காரரே. சுவரைத் துளைத்துப் பார்ப்பதில்லை. காற்று எவ்வளவு கசிகிறது என்று கருவி வைத்து அளப்பதில்லை. கட்டிய காலத்தைக் கொண்டு ஊகிப்பவை பல. பத்து ஆண்டுகளில் பாய்லர் பழுதடையும், ஜன்னல் சட்டம் உளுத்துப்போகும். பத்திரத்தின் எழுத்து மட்டும் மாறாது. இக்குறைகளை உணர்ந்து 2024 டிசம்பரில் சர்க்காரே புதிய யோசனை வெளியிட்டனர். சுவர் முதலிய உறுப்புகளின் திறன் வேறு, சூடாக்கும் கருவியின் தன்மை வேறு, பணச் செலவு வேறு என்று தனித்தனியே காட்டுவதே அதன் சாரம். அது நல்ல வழி.

அளவுகோலைவிட வேலையின் தரம் முக்கியம் என்பதற்கு 2025 அக்டோபரில் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை சாட்சி கூறுகிறது. சர்க்கார் ஏற்பாட்டின்கீழ் வெளிச்சுவர்க் காப்பு இடப்பட்ட வீடுகளில் நூற்றுக்கு 98-இல் திருத்தப்பட வேண்டிய பெருங் குறை இருந்ததாக அது கண்டது. அத்தகைய வீடுகள் 22,000 முதல் 23,000 வரை. உட்சுவர்க் காப்பு இடப்பட்டவற்றில் நூற்றுக்கு 29 பழுதானவை. சரியாக இடப்படாத காப்பினுள் ஈரம் தங்கும். ஈரம் தங்கினால் பூஞ்சை படரும். பத்திரத்தின்படி வீடு முன்னேறியது. வீட்டிலிருந்தவர்களின் நுரையீரலோ பின்னடைந்தது. பூஞ்சையை அற்பமாக எண்ணுபவர்கள், ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் நிகழ்ந்ததை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே வீட்டுச் சங்கம் ஒன்றின் வாடகை வீட்டில், சுவர்ப் பூஞ்சையை நெடுநாள் சுவாசித்த இரண்டு வயதுக் குழந்தை மாண்டது. மரண விசாரணை அதிகாரியின் முடிவு 2022 நவம்பரில் வெளிவந்தபோது நாடே தலைகுனிந்தது. அதன் பிறகே அத்தகைய வீடுகளில் ஈரத்தையும் பூஞ்சையையும் குறித்த காலத்தில் நீக்க வேண்டும் என்ற சட்டம் பிறந்தது. ஒரு குழந்தையின் உயிரை விலையாகக் கொடுத்தே விழிப்பை வாங்க வேண்டுமா?

விதியை அமுல் நடத்தும் பொறுப்பு ஸ்தல ஸ்தாபனங்களுடையது. வருமானம் சுருங்கி, உத்தியோகஸ்தர்களைக் குறைத்துக்கொண்டுவந்த அவை, வீடு வீடாகச் சென்று பார்க்க எங்ஙனம் இயலும்? எனவே, குடியிருப்பவரே புகார் செய்தால்தான் குற்றம் வெளிப்படும். புகார் செய்தவரின் கதி என்ன? 1988-ஆம் ஆண்டின் வீட்டுச் சட்டத்தில், காரணம் காட்டாமலே குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல இடமிருந்தது. தலைக்கு மேல் அக்கத்தி தொங்கும்போது, ‘என் வீடு ஜி தரம்’ என்று அதிகாரியிடம் சொல்ல எவர் துணிவார்? 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், காரணமின்றிக் காலி செய்யச் சொல்லும் அந்த அதிகாரத்தை 2026 மே 1 முதல் நீக்கியது. எமது அபிப்பிராயத்தில், எரிசக்திப் பத்திரத்திற்கு உயிரூட்டும் காரியங்களில் இதுவே தலையாயது. பேச அஞ்சுபவன் கையில் எந்த உரிமைப் பத்திரமும் வெறுங் காகிதந்தான்.

‘வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலுள்ள விஷயத்தில் சர்க்காருக்கு என்ன வேலை?’ என்று கேட்பாருளர். 2022-ஆம் ஆண்டு அதற்கு விடை சொல்லிற்று. உக்ரேன் யுத்தத்தால் காஸ் விலை ஏறியபோது, சாதாரணக் குடும்பம் ஒன்றின் வருஷ எரிபொருள் பில்லுக்குரிய உச்சவரம்பு 1,277 பவுனிலிருந்து ஏப்ரலில் 1,971 பவுனாயிற்று. அக்டோபருக்கு 3,549 என்று அறிவிக்கப்பட்டது. அதைத் தாங்காதென்று கண்ட சர்க்கார், பொக்கிஷத்திலிருந்து பணத்தைக் கொட்டி 2,500 அளவில் நிறுத்தினர். அந்தப் பணத்தில் ஒரு பங்கு, காப்பில்லாத சுவர்கள் வழியாகவும் கூரைகள் வழியாகவும் ஆகாயத்திற்குச் சென்றது. அது வரி செலுத்துவோர் பணம். ஒருவருடைய சுவரின் ஓட்டைக்கு ஊராரெல்லாம் விலை கொடுக்க வேண்டியிருக்கும்போது, அச்சுவர் அவருடைய சொந்த விஷயம் என்று சொல்வது பொருந்துமா?

ஆகவே நாம் வேண்டுவன யாவை? முதலாவது, ஒரு முறை குறித்த கெடுவைப் பின்வரும் மந்திரிசபையும் மதிக்குமாறு பார்லிமெண்டே அதைச் சட்டத்தில் பொறிக்க வேண்டும். மந்திரியின் பிரசங்கத்தில் தொங்கவிடலாகாது. இரண்டாவது, மதிப்பீட்டாளரை அமர்த்தும் உரிமை வீட்டுக்காரரிடம் மட்டும் இருத்தலாகாது. வீட்டின் உண்மை நிலையைக் கருவி கொண்டு அளந்து பத்திரம் வழங்க வேண்டும். மூன்றாவது, வேலை முடிந்தபின் அதைச் சோதிக்காமல் தரத்தை உயர்த்தலாகாது. நான்காவது, ஸ்தல ஸ்தாபனங்கள் வசூலிக்கும் அபராதம் விதியை அமுல் நடத்தும் செலவுக்கே பயன்பட வேண்டும். அபராதமும், தகாத வீட்டில் பெற்ற வாடகையின் லாபத்தை விழுங்குமளவு இருக்க வேண்டும். ஐந்தாவது, காப்பிட்டதைச் சாக்காக வைத்துக் குடியிருப்பவரை விரட்டி, கூடுதல் வாடகைக்கு வேறொருவரைக் குடியேற்றும் தந்திரத்திற்கு இடந்தரலாகாது. ஏழைக்காகச் செய்த அபிவிருத்தி ஏழையை வெளியேற்றுவதில் முடிந்தால் அதைவிடப் பரிகாசம் வேறொன்றில்லை.

நமது தேசத்தாருக்கும் இதில் படிப்பினை உண்டு. 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. ஏர்கண்டிஷனருக்கும் ரெப்ரிஜிரேட்டருக்கும் ஒட்டப்படும் நட்சத்திரச் சீட்டை இன்று பாமரரும் அறிவர். குடியிருப்புக் கட்டடங்களுக்கென 2018-இல் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதை’ என்ற விதித்தொகுப்பு வெளிவந்தது. 2022-இல் மூலச்சட்டமே திருத்தப்பட்டுப் பெரிய குடியிருப்புக் கட்டடங்களும் அதன் வரம்பிற்குள் வந்தன. இங்கிலாந்தின் வாதை குளிர். நமது வாதை வெயில். மொட்டைமாடிக்கு நேர்கீழே வாடகைக்கு இருக்கும் குடும்பம், பகலெல்லாம் காய்ந்த காங்கிரீட்டின் உஷ்ணத்தை இரவெல்லாம் தாங்குகிறது. மின்விசிறிக்கும் ஏர்கண்டிஷனருக்கும் பில் கட்டுவது அக்குடும்பம், மாடிக்கு வெள்ளை ஓடு பதிக்க மறுப்பது வீட்டுக்காரர். சுவர் ஒருவருடையது, வேதனை மற்றொருவருடையது என்ற அதே வழக்குத்தான் இங்கும். வீட்டிற்கும் நட்சத்திரம் ஒட்டும் காலம் வரும்போது, நட்சத்திரத்தை எண்ணுவதோடு நின்றுவிடாமல், அது இல்லாத வீட்டில் குடியிருப்பவருக்கு என்ன உரிமை என்பதையும் சேர்த்தே சட்டம் சொல்ல வேண்டும்.

பத்திரம் சுவரைச் சூடாக்காது. சட்டத்தின் எழுத்தும் தானே கூரையை அடைக்காது. நிலையான கெடு, நேரான அளவுகோல், அஞ்சாமல் முறையிடும் உரிமை ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தாலன்றி, ‘ஏ’ முதல் ‘ஜி’ வரையுள்ள எழுத்துக்கள் வீட்டுக்காரரின் பெட்டியில் உறங்கும். குடியிருப்பவர் குளிரில் விழித்திருப்பார். இங்கிலாந்து இருபது ஆண்டுகளாக விலை கொடுத்துக் கற்ற இப்பாடத்தை நமது சட்டசபையினர் இலவசமாகவே கற்றுக்கொள்ளலாம். கற்பார்களாக.